நத்தார் தட்டு: யாருக்கு, எப்போது, எப்படி

திருகோணமலையில் நத்தார் (கிறிஸ்மஸ்) வேலையை டிசம்பர் 20க்குப் பிறகு தொடங்கினாலும் கேக் கிடைக்கும், பிள்ளைகளுக்கு உடுப்பு கிடைக்கும், ஆனால் அயலாருக்குத் தட்டுக் கொடுக்கிற வேலை சரியாக அமையாது. மாரி மழை பிடித்துவிட்டால் பயறு காய ஒரு வெயில் கிடைக்காது, வறுத்த மா ஈரம் இழுக்கும், முறுக்கு இரண்டு நாளில் நமுத்துப்போகும். அதனால் நவம்பர் தொடக்கத்திலேயே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முதலில் எழுத வேண்டியது பெயர்களை, சாமான் பட்டியல் அப்புறம்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த வீட்டில் என்ன சாப்பிடுவார்கள், என்ன சாப்பிடமாட்டார்கள் என்று எழுதுங்கள், வயதானவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா என்பது உட்பட. இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வருஷம் பிரண்டி விட்ட ரிச் கேக்கை எல்லாத் தட்டுகளுக்கும் ஒரே மாதிரி வெட்டி அனுப்பிவிட்டோம். பக்கத்து முஸ்லிம் வீட்டு ராத்தா சந்தோஷமாக வாங்கிக்கொண்டார், பின்னேரம் வேலியடியில் என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, கோவிக்காதீங்க, இதில பிரண்டி போட்டிருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். ஒவ்வொரு பெருநாளைக்கும் எங்களுக்கு வட்டிலப்பம் தருகிற வீடு அது. கேட்கக் கூச்சப்பட்டு நின்ற அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு தட்டு கேக்.

முதல் தட்டு வழக்கமான ரிச் கேக். 250 கிராம் ரவைக்கு 250 கிராம் பட்டர், 500 கிராம் சீனி, 12 மஞ்சட்கரு, 6 வெள்ளைக்கரு என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. கஜு, பிளம்ஸ், இஞ்சிப்பாகு, சீனிப்பாகில் போட்ட நீற்றுப்பூசணி எல்லாவற்றையும் பொடியாக வெட்டிப் பிரண்டியில் மூன்று வாரமாவது ஊறவிடுங்கள், வெட்டுகிற வேலையை வீட்டில் எல்லாரும் ஒரு ஞாயிறு பின்னேரம் பாயில் உட்கார்ந்து செய்தால் அலுப்புத் தெரியாது. இரண்டாவது தட்டுக்குப் பழங்களைத் தனிப் போத்தலில் தேன், பன்னீர், கொஞ்சம் தோடம்பழச் சாறு விட்டு, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் மட்டும் ஊறவையுங்கள், இதில் மதுசாரம் இல்லாததால் அதிக நாள் தாங்காது. வெனிலா எசன்ஸிலும் மதுசாரம் இருக்கலாம், போத்தலின் லேபிளைப் பாருங்கள். அகப்பை, கிண்ணம், தட்டு எல்லாமே தனியாக இருக்கட்டும், அதைக் கொடுக்கும்போது வாயால் சொல்லியும் விடுங்கள், அப்போதுதான் வாங்குகிறவர் சந்தேகமில்லாமல் பிள்ளைக்குக் கொடுப்பார்.

சைவ வீடுகளுக்கு வேறு கவனம் வேண்டும். பிள்ளையார் கதை விரதம் 21 நாள், திருவெம்பாவை 10 நாள், இரண்டுமே பெரும்பாலும் நத்தாரை ஒட்டித்தான் வரும். அந்த நாட்களில் முட்டை போட்ட கேக் அந்த வீட்டு அலுமாரியில் சும்மா கிடக்கும். கலண்டரைப் பார்த்துவிட்டு அவர்களுக்குப் பயற்றம் உருண்டை, முறுக்கு என்று செய்யுங்கள். உருண்டைக்குப் பயறையும் தேங்காய்ப்பூவையும் தனித்தனியாகப் பொன்னிறமாக வறுக்க வேண்டும், தேங்காயில் ஈரம் மிஞ்சினால் இந்த மழைக்கு ஐந்தாம் நாளே மணம் மாறிவிடும். எந்தப் பலகாரமானாலும் நன்றாக ஆறிய பிறகே பிஸ்கட் டின்னில் போட்டு மூடுங்கள்.

சரி, இனி முக்கியமான விஷயம். இந்தக் கரையில் டிசம்பர் என்றால் கடல் கொந்தளிப்பு. திருக்கடலூர்ப் பக்கம் கரைக்கு இழுத்து வைத்த வள்ளங்களைப் பார்த்தால் தெரியும், எத்தனையோ வீட்டில் அந்த மாதம் உழைப்பு குறைவு. அவர்களுக்கு 24ஆம் தேதி ஒரு கேக் பொதியைக் கொடுப்பதை விட டிசம்பர் முதல் வாரத்திலேயே அரிசி, பருப்பு, மா, சீனி, தேங்காய் எண்ணெய் கொடுப்பது எவ்வளவோ மேல், அப்போதுதான் அந்த வீட்டு அம்மா தன் கையால் பலகாரம் சுட்டுத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பார், அயலுக்கும் ஒரு தட்டு அனுப்புவார். கொடுக்கிற இடத்தில் தானும் நிற்பது ஒரு மனுஷிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானோடு கொப்பி, சப்பாத்து, குடை சேர்த்துக் கொடுங்கள், சப்பாத்து அளவை முன்கூட்டிக் கேட்டு வையுங்கள். நேரே போனால் கூச்சப்படுவார்கள் என்று தோன்றினால் கோயில் பங்கில் ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் டி போல் சபை மாதிரி ஒன்றின் வழியாகச் செய்யலாம், உங்கள் பெயர் வெளியே வரத் தேவையில்லை. தயவுசெய்து கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள்.

வீட்டுப் பிள்ளைகளை இதில் இழுப்பதற்குப் பாலன் குடிலை விட நல்ல வழி எனக்குத் தெரியாது. டிசம்பர் 12, 13 போலச் சிரட்டைகளில் குரக்கனோ நெல்லோ விதைத்து வைத்தால் நத்தாருக்குக் குடிலைச் சுற்றிப் பச்சை விரிந்திருக்கும். தொட்டிலை வெறுமையாக வைத்துவிடுங்கள். நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம் முழுக்க, பிள்ளை ஒரு உதவி செய்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு வைக்கோலைத் தொட்டிலில் போடட்டும், தன் உண்டியல் காசில் ஒரு பங்கை எடுத்துத் தருவதும் அதில் ஒன்று. பாலனுக்குப் படுக்கை மெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்காகவே எங்கள் சின்னவள் கிணற்றடிக்கும் குசினிக்கும் ஓடித் திரிந்திருக்கிறாள்.

வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு பஸ், ரயில் இடங்களை முதலே பதிவு செய்து வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நள்ளிரவுப் பூசை முடிந்து வந்த கையோடு போன் எடுங்கள்: இங்கே இரவு ஒன்றரை என்றால் லண்டனில் 24ஆம் தேதி இரவு எட்டு மணி, ரொறன்ரோவில் பின்னேரம் மூன்று மணி, எல்லாரும் விழித்திருப்பார்கள். அம்மம்மாவின் கையில் போனைக் கொடுத்துவிட்டு நீங்கள் கேக் வெட்டப் போங்கள்.

தட்டுகள் எல்லாம் 25ஆம் தேதி பின்னேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அடுத்த நாள் எங்கள் ஊருக்கு வேறு நாள். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்களின் வீடுகள் நம் எல்லார் ஒழுங்கையிலும் இருக்கின்றன. காலை 9.25க்கு நாடு முழுக்க இரண்டு நிமிட மௌனம், அதற்கு முன்பே பாட்டுப் பெட்டியை நிறுத்திவிடுங்கள், வெடி கொளுத்தப் பிள்ளைகளை விடாதீர்கள். அப்படி ஒரு வீடு உங்கள் பட்டியலில் இருந்தால் அன்று பலகாரத்தோடு போக வேண்டாம், காலையில் ஒரு மெழுகுதிரியோடு போய், அவர்கள் பேசினால் கேட்டுக்கொண்டு, பேசாவிட்டால் பக்கத்தில் சும்மா இருந்துவிட்டு, தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டு வாருங்கள்.