இருபது வளைவு, இருபது முகம்: சொந்த ஃபேன்டஸி கேம்பெய்ன் ஒன்றை எழுதி, நடத்தி, சோதிப்பது எப்படி?

ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. ரோல்பிளேயிங் கேம்களில் அதிகம் உருளும் டைஸுக்கும் முகங்கள் 20. சேலத்துக்காரர் ஒருவர் சொந்தமாக கேம்பெய்ன் (பல அமர்வுகளாக ஆடும் தொடர் சாகசம்) எழுத இதைவிட வசதியான மலை அமையாது. அந்த மலையை வைத்தே ஒரு சின்ன சாகசத்தைக் கட்டி, நண்பர்களோடு ஆடி, எங்கே இடிக்கிறது என்று பார்த்துத் திருத்துவது வரை இங்கே போகலாம்.

விளையாட்டே புதிது என்பவர்களுக்கு: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கேம் மாஸ்டர்; உலகமும் அதில் எதிர்ப்படும் ஆட்களும் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். "நான் இதைச் செய்யறேன்" என்பார்கள். நடக்குமா என்று சந்தேகம் வரும் இடத்தில் டைஸ் உருளும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்குத் தொடக்கம். புத்தகமாக விற்கும் சாகசத்தை எடுக்காமல் நாமே உலகத்தை உண்டாக்கி ஆடுவதைத்தான் ஹோம்ப்ரூ என்கிறார்கள்.

படி 1: விதிகளை எழுத உட்காராதீர்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் கை வைப்பது விதிகளில். வேண்டாம். உலகம் உங்களுடையதாக இருக்கட்டும், விதிகள் ஏற்கெனவே தேய்ந்து பழகியவையாக இருக்கட்டும். இரண்டும் புதிது என்றால், ஆட்டம் சொதப்பும்போது குற்றம் எதன் மேல் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதிகள் எஸ்ஆர்டி 5.1 என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2023 ஜனவரியில் அதை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும்; நாளைக்கு உங்கள் சாகசத்தை விலைக்கு விற்றாலும் தடையில்லை.

டைஸ் செட்டை ஆன்லைனில் வாங்கலாம். வரும்வரை போனில் ஆப், அல்லது டம்ளரில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டு. எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் தாயக்கட்டை இருந்தால் நான்கு முக டைஸுக்கு ஆயிற்று; வெற்று முகத்தை 4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரு மலை போதும்

கண்டங்கள், அரச வம்சங்கள், ஆயிரம் வருட வரலாறு எல்லாம் பிறகு. ஒரு தாளில் கீழே அடிவாரம், மேலே ஊர், நடுவில் வளைந்து வளைந்து ஒரு பாதை. என் மலைக்கு வேறு பெயர்தான் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில், சேர்வராயன் கோயில் உச்சியில் இன்றும் பூசை நடக்கிறது. கும்பிடுகிற சாமிக்கு ஹிட் பாயின்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) போடுவது எனக்கு ஒப்பாது. மலையாளிப் பழங்குடி மக்களிடம் தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் என்று ஒரு கதை உண்டு. ஒருவர் சேர்வராயனில் தங்க, மற்ற இருவர் வேறு மலைகளுக்குப் போனார்களாம். கேட்டு ரசிக்க வேண்டிய கதை. அதற்காக மலைவாசிகளைக் கொள்ளைக்கூட்டமாகவோ மந்திரவாதிகளாகவோ எழுதிவிடாதீர்கள். அந்தச் சோம்பேறித்தனத்தை சினிமாவே போதும் போதும் என்று செய்தாயிற்று.

இப்போது வளைவுகள். வழியில் எந்த வளைவில் வம்பு வரும் என்பதை டைஸிடம் விடலாம். இருபது முக டைஸ் ஒன்றை உருட்டினால் எல்லா வளைவுக்கும் சமமாக 5 சதவீதம். பத்து முக டைஸ் இரண்டை உருட்டிக் கூட்டினால் கதை மாறும்: 11 வர 10 சதவீதம், 20 வர 1 சதவீதம்தான். 9 முதல் 13 வரையிலான ஐந்து வளைவுகளே 44 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். 1 வரவே வராது, அதாவது அடிவாரத்தை ஒட்டிய முதல் வளைவு பத்திரம். நடுக்காடுதான் ஆபத்து என்பதை ஒரு வரிகூட எழுதாமல் டைஸே சொல்லிவிடுகிறது.

இருபது வளைவுக்கும் சம்பவம் எழுதத் தேவையில்லை. ஆறு போதும், மீதி பனி, குரங்கு, உருண்டு கிடக்கும் பாறை.

படி 3: கதையை விடுங்கள், சிக்கலை எழுதுங்கள்

"முதலில் இங்கே போவார்கள், பிறகு அவனைச் சந்திப்பார்கள்" என்று எழுதினால் அது நாவல். ஆட வருபவர்கள் அதில் நடிக்க வரவில்லை. சேலத்துப் பசங்களிடம் இந்த மலையைக் கொடுத்துப் பாருங்கள், முதல் கேள்வியே "குப்பனூர் வழியா போகலாமாடா?" என்பதாகத்தான் இருக்கும்; ஏற்காட்டுக்கு அது இன்னொரு பாதை. வழி இல்லை என்று மூடாதீர்கள். உண்டு, ஆனால் சுற்று, ஒரு நாள் கூடுதல் என்று விலை சொல்லுங்கள்.

சிக்கல் என்பது வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு விஷயத்துக்கு ஆசைப்படுவது. என் உதாரணம்: மலை மேல் ஊரைச் சுற்றி அடித்திருந்த இரும்பு ஆணிகள் காணாமல் போய்விட்டன. பேய்க்கு இரும்பு ஆகாது என்பது நம் பாட்டிகள் சொன்னதுதானே. இப்போது ராத்திரியானால் கொள்ளிவாய்ப் பிசாசுகள் ஊருக்குள் வருகின்றன. சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கஞ்சமலையில் இரும்புத்தாது நிஜமாகவே உண்டு. அதிலிருந்து உருக்கி அடித்த புது ஆணி மூட்டை அமாவாசைக்குள் மேலே போக வேண்டும். பொதிமாட்டுக்காரர்கள் இரட்டைக் கூலி கேட்கிறார்கள். ஊரைச் சுற்றியிருந்த பழைய ஆணிகளைப் பிடுங்கி எறிந்தது அதே மலையூரில் தனியாக இருக்கும் ஒரு கிழவி. அந்தப் பிசாசுகளில் ஒன்று, செத்துப்போன அவள் மகன்.

முடிவு எழுதவில்லை, கவனியுங்கள். சண்டை போடலாம், கிழவியிடம் பேசலாம், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியும் விடலாம். கிழவிதான் என்று தெரியவர மட்டும் மூன்று தடயமாவது வையுங்கள்: பதினான்காம் வளைவில் இலை போட்டு வைத்த சோறு, அவள் உள்ளங்கையில் துருக்கறை, அவள் கூரையை மட்டும் தீ தொடுவதில்லை. ஒன்றைப் பார்க்காமல் தாண்டுவார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். மூன்றாவது காப்பாற்றும்.

படி 4: ஆடுவதற்கு முன் ஒரு பேச்சு

இதைச் செஷன் ஜீரோ என்பார்கள். எத்தனை மணி நேரம், பயமுறுத்தலாமா, யாருக்கு எது கதையில் வரவே கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் சமீபத்தில் சாவு நடந்தவர் இருந்தால் மேலே சொன்ன மகன் கதை வேண்டாம். நம் சேலத்து நொறுக்குத் தீனியான தட்டுவடை செட்டை ஆட்டம் முடிந்தபின் பிரியுங்கள். அதிலிருக்கும் பீட்ரூட்டின் கறை பட்ட கேரக்டர் ஷீட்டில் (கதாபாத்திரத்தின் விவரத் தாள்) எண் தெரியாது.

படி 5: நடத்துவது

தோற்றால் ஏதாவது மாறும் என்றால் மட்டும் டைஸ். கதவைத் திறக்க, மாட்டைக் கட்ட எல்லாம் உருட்டச் சொல்லாதீர்கள். இருபது முக டைஸில் எட்ட வேண்டிய இலக்கு எண் எளிதுக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20. விழுந்த எண்ணோடு திறமைக்காக 3 கூட்டிக்கொள்பவருக்கு (+3) இவை முறையே 70, 45, 20 சதவீத வாய்ப்பு.

இங்கே ஒரு பொறி உண்டு. நாலு பேரும் சத்தமில்லாமல் கடக்க வேண்டும், எல்லாரும் உருட்டுங்கள் என்கிறீர்கள். ஆளுக்கு 70 சதவீதம் என்றால் நல்ல வாய்ப்பு போலத்தான் தெரியும். நாலு பேருமே ஜெயிக்கும் வாய்ப்பு வெறும் 24. பாதிப் பேர் ஜெயித்தால் குழு ஜெயித்தது என்ற விதி புத்தகத்திலேயே இருக்கிறது. அதை எடுத்தால் வாய்ப்பு 92-க்கு ஏறிவிடும்.

பேசும்போது நம் தமிழிலேயே பேசுங்கள். முதலில் பேசுவது ஆடுபவர், பதில் கேம் மாஸ்டர்:

"பாட்டி வீட்டுக் கதவைத் தட்டறேன்."
"திறக்கறாங்க. 'யாரு கண்ணு, இந்நேரத்துல? சாப்ட்டீங்களா?' கையை முந்தானைல தொடைக்கறாங்க."
"கைல என்ன?"
"பார்க்கறியா? உருட்டுடா."

கடைசி வரியைக் கொஞ்சம் யோசியுங்கள். கையைப் பார்க்கிறேன் என்று கேட்டேவிட்டான்; டைஸ் இல்லாமலே துருக்கறையைக் காட்டிவிடுவது மேல்.

படி 6: சோதனை

முதல் சோதனைக்கு ஆளே வேண்டாம். சண்டையை மட்டும் எடுத்து நீங்களே இரண்டு பக்கமும் உருட்டுங்கள். கொள்ளிவாய்க்கு எஸ்ஆர்டியில் உள்ள காப்ளின் என்ற குட்டி அரக்கனின் எண்களைக் கடன் வாங்கலாம்: ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 15, ஹிட் பாயின்ட் 7, தாக்க +4, அடி ஆறு முக டைஸ் ஒன்றுடன் 2. ஆர்மர் கிளாஸ் 15 உள்ள வீரர்களை நாலு பிசாசுகள் தாக்கினால் பாதித் தாக்குதல்கள்தான் படும். சுற்றுக்குச் சராசரி 11. முதல் நிலை வீரருக்கு ஹிட் பாயின்டே பெரும்பாலும் 8 முதல் 12. அதாவது எல்லாப் பிசாசும் ஒரே ஆளைக் குறிவைத்தால் சுற்றுக்கு ஒருவர் விழுவார். இது உங்களுக்குச் சம்மதமா என்பதை மேசைக்குப் போகும் முன் முடிவு செய்யுங்கள். மாறாக, ஒரே ஒரு பெரிய பிசாசை வைத்தால் அது ஒருமுறை அடிப்பதற்குள் இவர்கள் நாலுமுறை அடித்துவிடுவார்கள். பாவம், அது சீக்கிரம் போய்விடும்.

அடுத்து நண்பர்களோடு. ஓரமாக ஒரு நோட்டு வைத்து, நேரத்தையும் நடந்ததையும் மட்டும் குறியுங்கள்: எப்போது போனை எடுத்தார்கள், எப்போது ஒருவர் பேச்சை இன்னொருவர் வெட்டினார், எந்த விதியைத் தேடிப் புரட்டினீர்கள். உங்கள் அபிப்பிராயத்தை அன்றைக்கு எழுத வேண்டாம்.

முடிந்ததும் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் "செம்ம மச்சி" என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒன்றும் திருத்த முடியாது. இப்படிக் கேளுங்கள்: கிழவிக்கு என்ன வேண்டும்னு நினைச்ச? அடுத்து என்ன பண்றதுன்னே தெரியாம நின்னது எங்க? உன் ஷீட்டுல நீ தொடவே தொடாதது எது? பதில் சொல்லும்போது "இல்லடா, அது எதுக்குன்னா..." என்று விளக்கத் தொடங்காதீர்கள். விளக்கம் தேவைப்படும் இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

திருத்தம் எப்படிச் செய்வது என்பதற்கு அவர்கள் சொல்லும் யோசனையைப் பாதிதான் நம்புங்கள். "பிசாசைக் குறைடா" என்பவனுக்கு உண்மையில் பிரச்சினை, இரும்பு ஆணியை வீசலாம் என்று தெரியாததாக இருக்கலாம். வலியை அவர்களிடம் கேளுங்கள், வைத்தியம் உங்களுடையது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். பிசாசையும் குறைத்து, தடயத்தையும் கூட்டினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒவ்வொரு பிரதிக்கும் மேலே தேதி போடுங்கள்.

படி 7: நோட்டை இன்னொருவரிடம் கொடுங்கள்

உங்கள் தலைக்குள் இருப்பது தாளில் இருக்கிறதா என்பதை நீங்களே நடத்திக்கொண்டிருந்தால் அறிய முடியாது. வேறொரு கேம் மாஸ்டரிடம் கொடுத்து, உங்கள் கதையைக் கேட்டிராத ஆட்களோடு நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் ஓரத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். அவர் தாளைப் புரட்டித் தேடும் ஒவ்வொரு முறையும் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கிழவியைக் கொடுமைக்காரியாக நடித்தால் கோபப்படாதீர்கள். மகன் விஷயத்தை எத்தனையாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அது கடைசிப் பக்கத்தில் இருக்கும். முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து மறுபடி கொடுங்கள்.