ஸ்வால்பார்டில் பனிக்கரடியைப் படமெடுக்கச் செல்வோருக்கு

நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், லாங்இயர்பியன் என்னும் சிற்றூரிலிருந்து சிறு கப்பல்களில் வழிகாட்டியுடன் புறப்படுவதே பனிக்கரடியைப் படமெடுக்க விரும்புவோரின் வழக்கமான பயணம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியின் எல்லைக்கு வெளியே ஸ்வால்பார்ட் இருப்பதால், ஆஸ்லோ வழியாகச் செல்லும் நம்மவர்கள் ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவுடன் சென்றால் திரும்பும்போது சிக்கிக்கொள்வார்கள்; இருமுறையேனும் நுழைய அனுமதிக்கும் விசாவையே கேட்டுப் பெற வேண்டும்.

லென்ஸ் வாங்குவதற்கு முன்பே ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி 1 முதல் பனிக்கரடிக்கு 300 மீட்டருக்கு அருகிலும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டருக்கு அருகிலும் செல்லக் கூடாது. 300 மீட்டரில் 600 மி.மீ. லென்ஸ் வழியே முழுச்சட்டக் கேமராவில் (36 மி.மீ. அகலச் சென்சார் உள்ளது) தெரியும் காட்சியின் அகலம் 18 மீட்டர் என்பதால், இரண்டேகால் மீட்டர் நீளமுள்ள கரடி படத்தின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கையே நிரப்பும். முகத்தை மட்டும் நெருக்கமாக எடுக்கும் ஆசையை ஊரிலேயே விட்டுவிட்டு, கடற்பனியும் பனியாறும் சூழ அந்த விலங்கு எங்கே வாழ்கிறது என்பதைக் காட்டும் படத்துக்குத் தயாராகுங்கள். என் கருத்தில் அதுவே கூடுதல் உண்மையுள்ள படம். குட்டியுடன் திரியும் தாயின் அமைதியைக் குலைத்துப் பெறும் எந்தப் படமும் எடுக்கத் தகுந்ததன்று.

தொலைவு கூடும்போது வேறொரு தொல்லையும் சேர்கிறது. வெயில் நாட்களில் பனிக்கும் நீருக்கும் மேலே வெப்பநிலை வேறுபட்ட காற்றடுக்குகள் அலைவதால், எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸிலும் உருவம் நெளிந்து தெரியும். மேகமூட்டமான நாட்களில் இது குறைவு. கோடையில் சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவையொட்டிய நேரத்தில் அது தாழ்ந்து நின்று மென்மையான ஒளியைத் தருவதால், வழிகாட்டி எழுப்பும்போது தயங்காமல் எழுந்து வாருங்கள்.

பனி நிறைந்த காட்சியைக் கேமரா தானாகச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப் வரை, அதாவது இரு மடங்கு வரை கூட்டி, வெண்மையின் நுணுக்கம் அழியவில்லை என்பதை ஒளி-இருள் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சரிபாருங்கள். ஆடும் ரப்பர் படகில் முக்காலி பயன்படாது. ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிட விரைவாக இருக்கட்டும். ஆல்க்ஃபியெல்லெட் செங்குத்துப் பாறையில் முட்டையிடும் கில்லிமாட் என்னும் கடற்பறவைகள் பறக்கும்போது அதனினும் கூடுதல் வேகம் வேண்டும்.

கரையில் இறங்கினால், துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியின் பார்வையை விட்டு எந்தப் படத்துக்காகவும் விலகாதீர்கள்.

குளிரில் மின்கலம் விரைவில் தீரும். உபரி மின்கலங்களை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள். கதகதப்பான அறைக்குள் நுழையும் முன்பே, வெளியிலேயே கேமராவைக் காற்றுப் புகாத பையில் இட்டு மூடி, அறையின் வெப்பத்துக்கு அது வரும்வரை சில மணி நேரம் திறக்காதீர்கள். இல்லாவிட்டால் லென்ஸின் உள்ளேயும் ஈரம் படியும். அன்றைய படங்களை உடனே பார்க்க விரும்பினால், பையை மூடும் முன்பே மெமரி கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்.