நாய்க்குட்டியைக் கொடுக்க முதல் பழக்கிக் கொடுங்கள்: மூன்றாம் கிழமையிலிருந்து செய்ய வேண்டியவை

நாய் குட்டி போட்ட வீட்டுக்கு வருகிற எல்லாரும் கேட்பது கடுவனா பெட்டையா, என்ன நிறம், எப்போது தருவீர்கள் என்பதுதான். ஆட்களைக் கண்டு ஒளியுமா, வெடிச் சத்தத்துக்கு நடுங்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை, ஆனால் போன வீட்டில் அந்தக் குட்டி நிலைக்குமா என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. பயந்த குட்டி வளர்ந்து கடிக்கத் தொடங்கினால் நாள் முழுக்கச் சங்கிலியில் போடுவார்கள், அல்லது சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருவார்கள். இதைத் தடுக்கிற வேலையில் பாதிக்கு மேல் குட்டி உங்கள் வளவில் நிற்கிற நாட்களிலேயே செய்யலாம்.

குட்டிக்குக் கண் திறப்பது 10 முதல் 14 நாளில், காது கேட்கத் தொடங்குவது அதற்குச் சற்றுப் பிறகு. ஏறத்தாழ 3 கிழமையிலிருந்து 12, 14 கிழமை வரைக்கும் புதிதாகக் காண்கிறதை அது சுலபமாக ஏற்றுக்கொள்ளும், அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் சந்தேகம் வந்துவிடும். 1961 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 14 கிழமை வரை ஆட்களோடு பழகாமல் வேலிக்குள் வளர்ந்த குட்டிகள் அதன்பிறகு மனிதரைக் கிட்ட அண்டவிடவே இல்லை. 8 கிழமைக்கு முதல் தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைத் தாயும் கூடப்பிறந்தவையும்தான் படிப்பிக்கின்றன. ஆகவே புதுவீட்டுக்காரருக்குக் கிடைப்பது ஒன்றரை மாதம்கூட இல்லை, மிச்சம் முழுக்க உங்கள் கையில்.

பூச்சி மருந்து, தாய்க்கான சாப்பாடு பற்றி இங்கே எழுதவில்லை, அதை மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

படி 1: கை, ஆட்கள், நிலம்

மூன்றாம் கிழமையிலிருந்து ஒவ்வொரு குட்டியையும் தினமும் கொஞ்ச நேரம் தூக்குங்கள். பாதம், காது, வாய், வயிறு எல்லாம் தொட்டுப் பாருங்கள். பிறகு ஆட்களைக் கூப்பிடுங்கள்: அயல்வீட்டு அப்பு பொல்லோடு வரட்டும், ஒருவர் குடையோடு, ஒருவர் ஹெல்மெட்டோடு, ஒருவர் மழைக்கோட்டோடு. யார் வந்தாலும் குட்டியிடம் போகக் கூடாது, குட்டிதான் வர வேண்டும். பின்வாங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளைச் சப்பாணி கட்டி இருத்திவிட்டு மடியில் குட்டியை விடுங்கள், நின்றுகொண்டு தூக்கவிட்டால் விழுத்திவிடுவார்கள். பல் கீறினால் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், குட்டிதானே என்று விடாதீர்கள்.

நிலமும் மாறட்டும். மணல், சீமெந்து, ஈரப்புல், கிடுகு, சாக்கு. படுக்கைக்கு நான் எப்போதும் சணல் சாக்குத்தான் சொல்வேன், உரபேக்கும் பொலித்தீனும் வழுக்கும், தாயின் மணமும் அதில் நிற்காது. விளையாடப் பழைய சாரத்தைக் கிழித்து முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். பழைய செருப்பு வேண்டவே வேண்டாம், பழைய செருப்பு எது புதுச் செருப்பு எது என்று குட்டிக்குத் தெரியாது.

படி 2: சத்தம்

மட்டக்களப்பில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. பாட்டோடு வருகிற பாண் ஓட்டோ, மீன்காரரின் ஹோர்ன், தகரத்தில் விழுகிற தேங்காய், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் பறை, லவுட்ஸ்பீக்கர். குட்டி எந்த ஊருக்குப் போகிறது என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். வாவிக்கு மேற்கே வயல்கள் உள்ள படுவான்கரைப் பக்கமோ அம்பாறையில் வயல்வாடி உள்ள வீட்டுக்கோ போகிறதென்றால் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசினும் யானை விரட்டுகிற வெடியும் அதற்குக் கட்டாயப் பாடம், டவுனுக்குள் போகிறதென்றால் பஸ் ஹோர்ன்.

போனில் அந்தச் சத்தத்தை எடுத்து, குட்டிகள் சாப்பிடும்போது மிகக் குறைத்துப் போடுங்கள். காதை ஒருமுறை நிமிர்த்திவிட்டு மறுபடி கோப்பைக்குள் வாயை வைத்தால் அளவு சரி. சாப்பாட்டை விட்டு விலகினால் கூடிவிட்டது, குறையுங்கள். நாட்கள் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். உண்மையான வெடியைக் குட்டிக்குக் கிட்டக் கொளுத்தவே கூடாது, ஒருநாள் பயந்தால் பிறகு எடுப்பது கஷ்டம்.

படி 3: தனியே எடுத்துப் பழக்குவது

இதில் கொஞ்சம் நின்று எழுதுகிறேன், எங்களை அதிகம் இழுத்தடித்தது இதுதான். முதல் ஈற்றுக் குட்டிகள் சேர்ந்து நிற்கும்போது எதற்கும் பயப்படாதவை, லாண்ட்மாஸ்டர் வந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு கேட்டடிக்கு ஓடும். அதில் கல்லடிக்குப் போன கடுவன் இரவிரவாகக் கத்துகிறது, ஹெல்மெட்டோடு வருகிறவரைக் கண்டால் அலுமாரிக்குப் பின்னால் போய் இருந்துவிடுகிறது என்று கோல் வந்தது. எங்கள் வளவில் ஹெல்மெட் வாரைக் கடித்து இழுத்து விளையாடிய அதே குட்டி! கூடப்பிறந்தவை பக்கத்தில் நிற்கிற தைரியம்தான் அவ்வளவு நாளும் அதற்கு இருந்திருக்கிறது. எல்லாரும் குட்டிகளைக் கூட்டமாகவே பழக்குகிறோம், ஆனால் அவை போவது ஒவ்வொன்றாகத்தான்.

அடுத்த ஈற்றில் ஐந்தாம் கிழமையிலிருந்து இப்படிச் செய்தோம். குட்டி விளையாடி, சாப்பிட்டு, ஒன்றுக்கு இரண்டுக்கு எல்லாம் போன பிறகு ஒன்றை மட்டும் தூக்கிக் குசினிக்குக் கொண்டுவாருங்கள். தாய் படுத்த சாக்கை நிலத்தில் போட்டு அதில் விடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து கீரை ஆயுங்கள், கூப்பிடவும் வேண்டாம், தடவவும் வேண்டாம். மூக்கை நிலத்தில் வைத்து மணந்துகொண்டே கதவடிக்குப் போகும், மெல்ல ஒருக்கா முனகும், திரும்பி வந்து உங்கள் பெருவிரலை நக்கும், அப்புறம் சாக்கில் ஒரு சுற்றுச் சுற்றிப் படுக்கும். படுத்த கையோடு தூக்கித் தாயிடம் கொண்டுபோய் விடுங்கள். கத்துகிற அளவுக்கு இழுக்கக் கூடாது, கத்தவிட்டுப் பழக்குகிறோம் என்பவர்களின் பேச்சைக் கேட்கவும் வேண்டாம், அந்த வயதில் அது பயத்தைத்தான் கூட்டும். முதல் நாள் ஒரு நிமிடம் போதும். பழகப் பழக நேரத்தைக் கூட்டி, நீங்கள் எழும்பி அடுத்த அறைக்குப் போய் வாருங்கள்.

தனியே இருக்கப் பழகிய பிறகு முதல் படியில் செய்ததையெல்லாம் தனியாக வைத்து மறுபடி செய்யுங்கள். ஹெல்மெட்டை நிலத்தில் வைத்து அதற்குள் அவித்த கோழி ஈரல் துண்டு ஒன்றைப் போடுங்கள். நாலு கால் நீட்டி எட்டிப் பார்க்கிற குட்டியும் உண்டு, நேரே தலையை விடுகிற குட்டியும் உண்டு. இரண்டையும் அவசரப்படுத்த வேண்டாம். இதில் எந்தக் குட்டி எந்த வீட்டுக்குச் சரி என்பதும் தெரிந்துவிடும், கூச்சமுள்ளதைப் பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

படி 4: வளவுக்கு வெளியே

தடுப்பூசி முடியாத குட்டியை ரோட்டில் நடக்க விடக் கூடாது, குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கவும் வேண்டாம். கூடையில் துணி விரித்துச் சைக்கிளில் வைத்துக் கல்லடிப் பாலம் வரை போய் வாருங்கள், ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு சந்தையடியில் நின்று பாருங்கள், இறக்காவிட்டால் போதும். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கேட்டடியில் கழற்றிக் கால் கழுவிவிட்டு வரட்டும். முதல் ஊசி 6 முதல் 8 கிழமைக்குள் போடுவார்கள். அமெரிக்காவின் மிருக நடத்தை வைத்தியர் சங்கம்கூட முதல் ஊசியும் பூச்சி மருந்தும் கொடுத்து 7 நாள் போனால் 7, 8 கிழமைக் குட்டியைப் பழக்க வகுப்புக்குக் கொண்டுபோகலாம் என்கிறது.

பிறகு சேர்த்தது

தாய் உறுமுகிறது, குட்டியைத் தொடவிடுவதில்லை என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள், முக்கியமாகத் தெருநாய் மதகுக்குக் கீழே குட்டி போட்ட இடங்களில். தாயோடு மல்லுக்கட்ட வேண்டாம். கொஞ்சம் தள்ளிச் சோறு வையுங்கள், அது எழும்பி வந்து தின்கிற நேரத்தில் வேறொருவர் குட்டியைத் தொட்டுப் பார்க்கலாம். தாய் உங்களோடு பழகினால் குட்டியும் பழகும்.

மார்கழி மழையில் போட்ட குட்டிகளை எப்படி வெளியே கொண்டுபோவது என்றும் கேட்டார்கள். விறாந்தையே போதும். மழைச் சத்தம், இடி, வெள்ளத்தில் நனைந்து வருகிற ஆட்கள் எல்லாம் அந்தக் குட்டிகளுக்கு வலிய வந்து கிடைக்கிற பாடம். ஈரத்தில் விறைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவரும் கேட்டு வராத பெட்டைக் குட்டி 12 கிழமை தாண்டியும் உங்களிடமே நின்றால் இந்தப் படிகளை நிறுத்த வேண்டாம். வீட்டு ஆட்கள் மட்டும் காணாது, கிழமையில் சில நாளாவது அது புது முகம் ஒன்றைக் காண வேண்டும், அயல் வீடுகளில் தனியே கொஞ்ச நேரம் இருந்து வர வேண்டும். கருத்தடை எந்த வயதில் செய்யலாம் என்று மிருக வைத்தியரிடம் கேட்டு, அதைச் செய்தே தருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், பெட்டை வேண்டாம் என்று சொன்ன வீடுகளிலும் சிலர் கைநீட்டி வாங்குகிறார்கள்.