லினக்ஸ் கணினியில் புதுப்பிப்பு அறிவிப்புகளைக் கட்டுப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலையின் நடுவே திரையில் வந்து நிற்கும் புதுப்பிப்பு அறிவிப்பு கவனத்தைக் குலைக்கிறது என்பது உண்மை; அதைக் குறைத்துக்கொள்ள விரும்புவதில் பிழை ஏதும் இல்லை. அறிவிப்பை நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு புதுப்பிப்பையே நிறுத்திவிடுவதுதான் பிழை. லினக்ஸில் இந்த ஏற்பாடு நான்கு தனித்தனி வேலைகளாக நடக்கிறது: களஞ்சியத்தில் (மென்பொருள்கள் வைக்கப்பட்டிருக்கும் இணையச் சேவையகத்தில்) புதிய பதிப்புகள் வந்திருக்கின்றனவா என்று சோதிப்பது, வந்தவற்றைப் பதிவிறக்குவது, அவற்றை நிறுவுவது, இவற்றைப் பற்றிப் பயனருக்குத் தெரிவிப்பது. கடைசி வேலையை மட்டும் அடக்க வேண்டிய இடத்தில் முதல் வேலையை அணைத்துவிடுவதே மிகப் பரவலான தவறு. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்து கிளைத்தவையே.

லினக்ஸைத் திரட்டி வழங்கும் வடிவங்களான விநியோகங்களுள் ஒன்றாகிய உபுண்டுவில் இதைத் தெளிவாகக் காணலாம். 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' சாளரத்தின் 'அப்டேட்ஸ்' பகுதியில், புதுப்பிப்புகளைத் தானாகச் சோதிக்கும் இடைவெளியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அறிவிப்பால் சலிப்படைந்தவர் பெரும்பாலும் அங்கே 'நெவர்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். அறிவிப்பு உடனே நின்றுவிடுவதால், தாம் விரும்பியது நிறைவேறியது என்றும் நம்புகிறார். ஆனால் கணினியிலுள்ள தொகுப்புப் பட்டியல், அதாவது நிறுவத்தக்க மென்பொருள்களின் பட்டியல், அன்றைய நிலையிலேயே உறைந்துவிடுகிறது. பாதுகாப்புத் திருத்தங்களைப் பின்னணியில் தானாக நிறுவும் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' என்ற ஏற்பாடு அந்தப் பட்டியலைப் பார்த்தே செயல்படுகிறது. பட்டியல் பழையதானால், புதிய திருத்தம் வந்திருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

அதே சாளரத்தில் சற்றுக் கீழே இருக்கும் இரண்டு அமைப்புகள்தாம் உண்மையில் மாற்ற வேண்டியவை. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடத்தில், தானாகப் பதிவிறக்கி நிறுவும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற புதுப்பிப்புகளை எப்போது காட்ட வேண்டும் என்று கேட்கும் இடத்தில், வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். சோதிக்கும் இடைவெளியைத் தினசரியாகவே விட்டுவிட வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால், அவசரமானவை ஓசையின்றி நிறுவப்படும். மற்றவை ஓய்வான நேரத்துக்கு ஒதுங்கும்.

இன்னும் ஒரு படி மேலே போய், அறிவிப்பைக் காட்டும் 'அப்டேட் நோட்டிஃபையர்' தொகுப்பையே நீக்கிவிடுவோர் உண்டு. ஒரு தொகுப்பை நீக்கும்போது அதைச் சார்ந்தவையும் சேர்ந்தே நீங்கும் என்பதால், டெஸ்க்டாப் சூழல் முழுவதையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கும் மூலத்தொகுப்பும் பட்டியலில் இடம்பெற்றுவிடக்கூடும். அது நீங்கிய அன்று எதுவும் உடைந்ததாகத் தெரியாது. அடுத்த பதிப்புக்கு மாறும்போதுதான், அந்த டெஸ்க்டாப்புக்குரிய புதிய கூறுகள் வந்து சேராமல் போவதைக் காண நேரிடும். நீக்குவதற்கு முன் டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரம்) காட்டும் பட்டியலை முழுமையாகப் படிக்காமல் 'ஒய்' விசையை அழுத்தவே கூடாது.

தினசரிச் சோதனையை இயக்கும் சிஸ்டம்டி டைமர்களை (குறித்த நேரத்தில் பின்னணி வேலைகளைத் தொடங்கும் அமைப்புகளை) முடக்குவதும் இதே வகைத் தவறுதான். கணினியை இயக்கியவுடன், தொகுப்புகளை நிறுவும் கருவியான ஏபிடி பூட்டப்பட்டிருப்பதாக ஒரு செய்தி வருவதே பலரை இந்த முடிவுக்குத் தள்ளுகிறது. அப்போது பின்னணியில் ஒரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். சில நிமிடங்கள் காத்திருந்தால் பூட்டு தானாக விலகும். அந்தப் பூட்டுக் கோப்பை நீக்குவதும், நடந்துகொண்டிருக்கும் நிறுவலை வலுக்கட்டாயமாக நிறுத்துவதும் தொகுப்புத் தரவுத்தளத்தையே குலைத்துவிடக்கூடும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டுக் கணினியை யார் தாக்கப்போகிறார்கள் என்ற எண்ணமே அறிவிப்புகளைச் சோதனையோடு சேர்த்து அணைக்கத் துணிவு தருகிறது. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் டெஸ்க்டாப்களிலும் இடம்பெறும், நிரல்களுக்கு அதிகாரம் வழங்குவதை நிர்வகிக்கும் போல்கிட் தொகுப்பின் 'பிகேஎக்ஸெக்' நிரலில் இருந்த ஓட்டை 2022 ஜனவரியில் வெளிப்படுத்தப்பட்டது. 'பிவ்ன்கிட்' என்று பெயர் பெற்ற அந்த ஓட்டை 2009-ஆம் ஆண்டிலிருந்தே நிரலில் இருந்துவந்தது. சாதாரணப் பயனர் கணக்கில் இயங்கும் எந்த நிரலும் அதன் வழியாக ரூட் அதிகாரத்தை, அதாவது கணினியின் முழுக் கட்டுப்பாட்டை, பெற முடிந்தது. முக்கியமான விநியோகங்கள் திருத்தத்தை உடனடியாக வெளியிட்டன. சோதனையை அணைத்திருந்த கணினிகளுக்கு மட்டும் அந்தத் திருத்தம் வெளிவந்த செய்தியே எட்டவில்லை.

க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழலைப் பயன்படுத்துவோர்க்கு அறிவிப்பை மட்டும் அடக்க நேரான வழி உண்டு. அமைப்புகளில் உள்ள அறிவிப்புகள் பக்கத்தில் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பொத்தான் இருப்பதால், மென்பொருள் செயலியின் அறிவிப்பை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். ஓர் உரையை நிகழ்த்தவோ ஒரு கட்டுரையை முடிக்கவோ சிறிது நேரம் அமைதி வேண்டுமென்றால் 'டூ நாட் டிஸ்டர்ப்' போதும். ஆனால் அதை நிரந்தரமாக இயக்கிவைத்தால் பிற செயலிகளின் அறிவிப்புகளையும் கவனிக்காமல் விட நேரிடலாம். க்னோம் சாஃப்ட்வேர் செயலியின் புதுப்பிப்பு விருப்பங்களில் தானியங்கிப் புதுப்பிப்புக்கு ஒன்றும் அதன் அறிவிப்புக்கு ஒன்றுமாக இரண்டு தனித்தனி அமைப்புகள் உள்ளன. அணைக்க வேண்டியது இரண்டாவது மட்டுமே. மற்றொரு டெஸ்க்டாப் சூழலான கேடிஈ பிளாஸ்மாவில் அறிவிப்பு எத்தனை நாட்களுக்கு ஒருமுறை வர வேண்டும் என்பதை அமைப்புகளின் மென்பொருள் புதுப்பிப்புப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் மின்ட் விநியோகம் இதில் மிகுந்த நிதானத்துடன் நடந்துகொள்கிறது என்பது என் மதிப்பீடு. அதன் அப்டேட் மேனேஜர், இயல்பான அமைப்பில், ஒரு புதுப்பிப்பு வந்து கணினி பயன்பாட்டில் இருந்த 7 நாட்கள் கழிந்த பின்போ, அது வெளிவந்து 15 நாட்கள் கடந்த பின்போதான் நினைவூட்டுகிறது. இந்த எண்களை மாற்றிக்கொள்ளலாம். பாதுகாப்புக்கும், லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்கும் உரிய புதுப்பிப்புகளுக்கு மட்டும் நினைவூட்டச் செய்யவும் வழி உண்டு. இங்கே நேரும் தவறு வேறு. பட்டியலில் ஒரு தொகுப்பை வலப்பக்கப் பொத்தானால் சொடுக்கும்போது, இப்போதைய புதுப்பிப்பைப் புறக்கணிப்பது, இனி வரும் எல்லாவற்றையும் புறக்கணிப்பது என இரண்டு தேர்வுகள் வருகின்றன. தொல்லை கொடுத்த ஒரு பதிப்பைத் தவிர்க்க நினைத்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவரின் உலாவியோ கர்னலோ மாதக்கணக்கில் அப்படியே நின்றுவிடும்.

டெர்மினல் வழியாக 'ஹோல்டு' செய்து நிறுத்திவைக்கும் தொகுப்புகளுக்கும் இதுவே பொருந்தும். நிறுத்திவைத்ததை எந்த அறிவிப்பும் பின்னர் நினைவூட்டாது. ஏன் நிறுத்தினோம், எப்போது விடுவிக்க வேண்டும் என்பதை எங்காவது எழுதிவைத்துக்கொள்வது நல்லது. ஆர்ச் லினக்ஸ் விநியோகத்தில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே ஒரு சில தொகுப்புகளை மட்டும் புதுப்பித்து மற்றவற்றைப் பழைய நிலையில் விடுவது ஆதரிக்கப்படுவதில்லை. செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் நூலகங்களின் பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் செயலிகள் திறக்கவே மறுக்கக்கூடும்.

விநியோகத்தின் அறிவிப்பை அடக்கிய பின்னும் அறிவிப்பு வந்துகொண்டே இருப்பதாகக் குறைபடுவோர், அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. ஸ்னாப் என்ற தனித் தொகுப்பு வடிவில் நிறுவப்படும் செயலிகளுக்கென்று தனிப் புதுப்பிப்பு முறை உண்டு. அது இயல்பாக நாளொன்றுக்கு 4 முறை சோதிக்கிறது. செயலி திறந்திருக்கும்போது புதிய பதிப்பு வந்தால், செயலியை மூடச் சொல்லி அறிவிப்பு வரும்; 14 நாட்கள் வரை மூடாமலே இருந்தால் புதுப்பிப்பு அதன் பிறகு கட்டாயமாக நடக்கும். அந்த அறிவிப்பைத் தொடர்ந்து தள்ளிவிடுவதைவிட, அன்றைய வேலை முடிந்ததும் செயலியை ஒருமுறை மூடித் திறப்பது எளிது. நேரத்தை நாமே முடிவுசெய்ய விரும்பினால், ஸ்னாப் எந்தக் கிழமையில் எந்த நேரத்தில் புதுப்பிக்கலாம் என்று வரையறுக்கவும், 2.58-ஆம் பதிப்பிலிருந்து குறிப்பிட்ட செயலியை நிறுத்திவைக்கவும் முடியும். அதைப் போன்ற மற்றொரு வடிவமான ஃபிளாட்பாக்கும் தனி வழியில் செல்வதே. ஏபிடி வழியாகப் புதுப்பித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கருதுவது சரியன்று.

இணையத் தரவைச் சேமிக்கவே அறிவிப்பை அணைக்கிறேன் என்பவர்க்கு வேறு தீர்வு இருக்கிறது. அந்த இணைப்பை அளவுக்குட்பட்ட ('மீட்டர்டு') இணைப்பு என்று நெட்வொர்க் அமைப்பில் குறித்துவிட்டால், க்னோம் சாஃப்ட்வேர் அந்த இணைப்பில் இருக்கும்வரை தானாகப் பதிவிறக்காது.

மறுதொடக்கம் செய்யச் சொல்லும் அறிவிப்பை மற்றவற்றோடு சேர்த்து ஒதுக்குவதும் பெரிய தவறு. புதிய கர்னல் நிறுவப்பட்டாலும், மறுதொடக்கம் செய்யும்வரை நினைவகத்தில் இயங்குவது பழைய கர்னல்தான்; ஓட்டை அடைக்கப்பட்டதாகப் பட்டியல் சொல்லும், ஆனால் உண்மையில் அது திறந்தே இருக்கும். மடிக்கணினியை மூடி உறக்க நிலையிலேயே வாரக்கணக்கில் வைத்திருப்போர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும், ஏனெனில் உறக்கத்திலிருந்து எழுப்புவது மறுதொடக்கம் ஆகாது.

எல்லாவற்றையும் சரியாக அமைத்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சும்: நெடுநாளாக எந்த அறிவிப்பும் வரவில்லை என்றால் என்ன பொருள்? கணினி நன்றாகப் பராமரிக்கப்படுகிறது என்று பலர் கொள்கிறார்கள். பல நேரங்களில் அந்தப் பதிப்புக்கான ஆதரவே முடிந்துபோயிருக்கும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு வழக்கமான ஆதரவு 5 ஆண்டுகள், இடைப்பட்ட பதிப்புகளுக்கு 9 மாதங்கள் மட்டுமே. ஃபெடோராவின் ஒரு பதிப்பு ஏறக்குறைய 13 மாதங்கள் பராமரிக்கப்படுகிறது. காலம் முடிந்த பதிப்புக்குத் திருத்தங்கள் வருவதில்லை, ஆகவே அறிவிக்கவும் எதுவும் இருப்பதில்லை. எனவே புதிய பதிப்பைப் பற்றித் தெரிவிக்கும் அமைப்பை மட்டும் ஒருபோதும் முழுமையாக அணைக்க வேண்டாம். உபுண்டுவில் அதை நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு மட்டும் என்று வைத்தால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அது தலைகாட்டும். இடைப்பட்ட பதிப்பைப் பயன்படுத்துவோர் மட்டும் எல்லாப் புதிய பதிப்புகளுக்கும் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையேல் 9 மாத ஆதரவு முடிந்துபோவது அவர்களுக்குத் தெரியாமலே போகும்.