மாதவிலக்கு நிற்கும் வயதில்: ஒரு நர்சம்மா சொல்வது

பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டர் உங்கள் வீட்டிலும் தொங்கும். நாற்பதைத் தாண்டிய பெண்கள் அதில் தங்கள் கணக்கையும் எழுதி வையுங்கள். மாதவிலக்கு வந்த நாளுக்கு ஒரு வட்டம், நின்ற நாளுக்கு ஒரு கோடு, அதிகமாகப் போன நாளில் எத்தனை பேட் மாற்றினோம் என்ற எண். அவ்வளவுதான். நத்தம் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக இருந்தபோது, "கடைசியா எப்பம்மா வந்துச்சு?" என்று கேட்டால், "பொங்கலுக்கு முன்னாடி நர்சம்மா... இல்ல, அதுக்கப்புறமா?" என்றுதான் பதில் வரும். தேதி தெரியாவிட்டால் டாக்டரும் இருட்டில்தான் துழாவ வேண்டும்.

தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. அதற்குச் சில வருடம் முன்பே சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் தாறுமாறாக ஏறி இறங்கும். இரண்டு மாதம் வராது, அப்புறம் அடுத்தடுத்து வரும். 40 வயதுக்குள்ளேயே நின்றால் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யாதவர்கள், தள்ளிப்போனால் முதலில் கர்ப்பமா என்று பரிசோதியுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது ரத்தப்போக்குதான். "நிக்கப்போற நேரம், அப்படித்தான் கொட்டும்" என்று மூத்தவர்கள் சொல்லிவிடுவார்கள், கேட்பவர்களும் சும்மா இருந்துவிடுவார்கள். மாந்தோப்பு வேலைக்குப் போகும் ஒரு அக்கா பாவாடைக்குள் பழைய வேட்டித் துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. அவருக்கு 7கூட இல்லை. மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ, 7 நாளுக்கு மேல் போனாலோ, ரத்தம் பெரிய கட்டிகளாக விழுந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு கோளாறு, கர்ப்பப்பைக் கட்டி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஒரு வருடம் முழுக்க நின்றுபோன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே போங்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை என்று ஸ்கேனும், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்தியே ஆக வேண்டும்.

போன இடத்தில் "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. "இதெல்லாம் எனக்கு ஒத்துவராதா டாக்டர்? சினைப்பையையும் சேர்த்து எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். சினைப்பையை எடுத்தால் மெல்ல மெல்ல நடக்க வேண்டிய மாற்றம் சட்டென்று நடந்துவிடும், இளம் வயதில் எடுத்தால் எலும்பும் இதயமும் பாதிக்கும். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் உண்டு. அந்தத் தேவையைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்து அனல். நெஞ்சில் கிளம்பி கழுத்து, முகம் என்று ஏறும், வியர்த்துக் கொட்டும், சில நிமிடத்தில் அடங்கிவிடும். மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் பகுதி ஈஸ்ட்ரோஜன் குறைவதால் தடுமாறுகிறது, அதனால்தான் இது. சித்திரை வெயிலில் கான்கிரீட் வீட்டுக்குள் இதுவும் சேர்ந்தால் தூக்கமே போய்விடும். நான் முதலில் மாற்றியது நைட்டியை: பாலியெஸ்டரை ஒதுக்கிவிட்டு மெல்லிய பருத்தி. தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர். சாயங்காலக் காபியை நிறுத்தியபோது எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்தது. இதிலெல்லாம் அடங்காவிட்டால் ஹார்மோன் சிகிச்சை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், அனலுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. 60 வயதுக்குள்ளோ, நின்று 10 வருடத்துக்குள்ளோ தொடங்குவது நல்லது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறையும் சிக்கல் இருந்தவர்கள் அதைக் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எலும்புக்கு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். கேழ்வரகு, தயிர், எள், முள்ளோடு தின்னும் நெத்திலி என்று தினமும் ஏதாவது சேருங்கள், வெயில் படும்படி நடங்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு இதய நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது.

மனசு? காரணமே இல்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். மகளின் முதல் பிரசவமும் படுக்கையில் கிடக்கும் மாமியாரும் சேர்ந்து வருகிற வயது இது. வீட்டுக்காரரிடமும் பிள்ளைகளிடமும் வாய்விட்டுச் சொல்லி வேலையைப் பிரித்துக் கொடுங்கள். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அதற்கும் சிகிச்சை உண்டு.

யாருமே சொல்லாத ஒன்று, பிறப்புறுப்பு வறட்சி. தாம்பத்தியத்தில் வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு. சோப்புப் போட்டு உள்ளே கழுவாதீர்கள், எரிச்சல்தான் கூடும். அந்த இடத்தில் மட்டும் பூசும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் டாக்டர் சீட்டில் கிடைக்கும். டாக்டர் ஆண் என்று கூச்சமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் நர்சிடம் சொல்லுங்கள். "எனக்காக நீங்க வந்து சொல்லுங்கம்மா" என்று கேட்கலாம், நாங்கள் கூடவே உள்ளே வருவோம்.