கடல் தாண்டி இருக்கும் மகளுக்குத் திரை வழியே வளைகாப்பு: முதன்முறை நடத்துவோருக்கான செய்முறை

மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அம்மா கும்பகோணத்தில், மாமியார் கோயம்புத்தூரில், பெரிய அத்தை சிங்கப்பூரில், நாத்தனார் லண்டனில். ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. விசா, விடுமுறை, விமானக் கட்டணம் என்று ஏதோ ஒன்று ஒவ்வொருவரையும் தடுக்கிறது. இப்படி ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தச் செய்முறையை எழுதுகிறேன். ஊர்களை உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இணையவழி வளைகாப்பு சப்பென்று முடிந்துபோனால் எல்லாரும் இணைய வேகத்தின் மேல் பழியைப் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அறுபது பேர் ஆளுக்கொரு கட்டத்துக்குள் உட்கார்ந்து, எங்கோ யாரோ வளையல் போடுவதை வேடிக்கை பார்ப்பதுதான் உண்மையான காரணம். நேரில் நடக்கும் வளைகாப்பில் சும்மா உட்கார்ந்திருப்பவர் குறைவு. ஒருவர் சந்தனம் பூசுவார், ஒருவர் பன்னீர் தெளிப்பார், ஒருவர் வளையலை அடுக்கிவிட்டுக் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பார். திரையில் நடத்தும்போதும் ஒவ்வொரு வீட்டார் கைக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அனைத்தும் அதற்காகத்தான்.

முதல் படி: நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான குடும்பங்களில் ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மாதத்தில் வைப்பார்கள். இணையத்தில் நடத்துவதானால் ஏழாம் மாதமே வசதி. ஒன்பதில் கர்ப்பிணியால் ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார முடியாது.

நேரம் குறிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் இந்தியாவுக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. அங்கே மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுப்பார்கள். உங்கள் நாள் இந்த இரண்டு தேதிகளுக்கு அருகில் இருந்தால் கணக்கை இரண்டு முறை சரிபாருங்கள்.

அடுத்தது ராகு காலம். வெளிநாட்டில் இருப்பவர்கள் சனிக்கிழமை காலை ஒன்பது மணிதான் வசதி என்பார்கள். பஞ்சாங்கத்தின் பொது அட்டவணைப்படி சனிக்கிழமை ராகு காலம் 9.00 முதல் 10.30 வரை! மாமியார் அதைக் கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் கண்டுபிடித்துவிடுவது நல்லது. எந்த ஊர் நேரத்தைப் பார்ப்பது என்று கேட்டால், சடங்கு நடக்கும் ஊரின் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். பகல் பொழுதை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கை ராகு காலம் என்கிறோம். நியூ ஜெர்சியில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ 15 மணி நேரம் நீளும் என்பதால் ஒரு பங்கே ஒன்றே முக்கால் மணி நேரத்தைத் தாண்டும்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் இடம் கொடுக்காத நேரம் ஒன்று உண்டு. நியூ ஜெர்சியில் ஞாயிறு காலை 9.30. ஞாயிறன்று ராகு காலம் பகலின் கடைசிப் பங்கு, அதாவது மாலையில். கோடையில் அப்போது இந்தியாவில் இரவு 7.00, லண்டனில் பிற்பகல் 2.30, சிங்கப்பூரில் இரவு 9.30. இந்தியாவிலும் அன்றைய ராகு காலம் முடிந்திருக்கும். அத்தை மட்டும் கொஞ்சம் விழித்திருக்க வேண்டும்.

அழைப்பில் எல்லா ஊர்களின் நேரத்தையும் கிழமையோடு எழுதுங்கள். "இந்திய நேரப்படி" என்று மட்டும் போட்டால் யாராவது ஒருவர் மறுநாள் வந்து கதவைத் தட்டுவார்.

இரண்டாம் படி: இரண்டு பொறுப்பாளர்களைப் போடுங்கள்

ஒருவர் தொழில்நுட்பத்துக்கு, ஒருவர் சடங்குக்கு. தொழில்நுட்பத்தைக் கணவர் தலையில் கட்ட வேண்டாம். அவர் மனைவி பக்கத்தில் உட்கார வேண்டியவர். தம்பியோ சித்தி மகனோ எந்த ஊரில் இருந்தாலும் இதைச் செய்யலாம். மைக்கை அணைப்பது, யாரைப் பெரிதாகக் காட்டுவது, பாட்டியின் கைப்பேசியில் படம் வராவிட்டால் தனியே கூப்பிட்டு உதவுவது எல்லாம் அவர் வேலை.

சடங்கை நடத்தக் குரலில் தெம்புள்ள ஒரு பெரியம்மா போதும். "அடுத்து கோயம்புத்தூர் சம்பந்தி அம்மா, வாங்க" என்று பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் இல்லாவிட்டால், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள் அல்லது எல்லாரும் ஒரே நேரத்தில் மௌனமாவார்கள்.

இவர்கள் தவிர, மகள் இருக்கும் ஊரில் இரண்டு மூன்று தோழிகள் கட்டாயம் நேரில் வேண்டும். வெளியூர்ப் பெரியவர்களின் கைகளாக இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

மூன்றாம் படி: வளையல்

இதில்தான் அதிகக் கவனம் தேவை. கண்ணாடி வளையல் நெகிழாது. ஏழாம் மாதத்தில் பலருக்கும் கை கொஞ்சம் உப்பியிருக்கும். கல்யாணத்தின்போது போட்ட அளவை நம்பி வாங்கினால் பாதி வளையல் முட்டியிலேயே நின்றுவிடும்.

கடையில் 2.4, 2.6, 2.8 என்று சொல்வார்கள். புள்ளிக்குப் பின்னால் வருவது பதினாறில் ஒரு பங்குக் கணக்கு. 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும், அதாவது இரண்டேகால் அங்குலம். மகளிடம் இப்போது எளிதாக ஏறி இறங்கும் ஒரு வளையலை எடுத்து, உள்விளிம்பிலிருந்து எதிர் உள்விளிம்பு வரை அளவுகோலை வைத்து அளக்கச் சொல்லுங்கள். 57 மில்லிமீட்டர் என்றால் 2.4. 60 என்றால் 2.6. 63 அல்லது 64 என்றால் 2.8. வந்த அளவுக்கு அடுத்த அளவை வாங்குங்கள். தளர்வாக இருந்தால் ஒன்றும் குறைந்துபோகாது. (கையும் முகமும் திடீரென்று வீங்கி, தலைவலியும் சேர்ந்துகொண்டால் அதை வளையல் அளவுப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.)

ஊரிலிருந்து பார்சலில் அனுப்ப ஆசையாக இருக்கும். அனுப்பலாம், ஆனால் வளையல்களை அட்டைக் குழாயில் கோத்து, இரு பக்கமும் காகிதம் திணித்து, பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வராதபடி அடைக்க வேண்டும். எவ்வளவு பத்திரமாகக் கட்டினாலும் சில உடையும். அங்கேயே வாங்குவதுதான் புத்திசாலித்தனம். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் ஓக் ட்ரீ ரோட்டிலும், லண்டனில் சவுத்தாலிலும், சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவிலும் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அம்மாவின் திருப்திக்கு அவர் கையால் அம்மன் பாதத்தில் வைத்து எடுத்த ஒரு ஜோடியை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். முதல் வளையல் அதுவாக இருக்கட்டும்.

முதலில் வேப்பிலைக் காப்பு போடும் குடும்பங்கள் உண்டு. பச்சை இலையை அயல்நாட்டுக்குப் பார்சலில் அனுப்ப முயல வேண்டாம். தாவர நோய்த்தடுப்பு விதிகள் கடுமையானவை, சுங்கத்தில் எடுத்துப்போட்டுவிடுவார்கள். அங்குள்ள கடைகளில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் மஞ்சள் தோய்த்த நூலைக் கட்டுங்கள். பாட்டிகள் இதற்கெல்லாம் நாம் நினைப்பதைவிடத் தாராளமாகவே இசைவு கொடுக்கிறார்கள்.

இப்போது வெளியூர் வீடுகள். கலந்துகொள்ளும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தட்டு தயாராக இருக்க வேண்டும்: சந்தனம், குங்குமம், கொஞ்சம் பூ, அரை டஜன் கண்ணாடி வளையல். அத்தையின் முறை வரும்போது அவர் வாழ்த்திச் சொல்லச் சொல்ல, நியூ ஜெர்சித் தோழி அவர் சார்பாக மகளுக்கு வளையல் அடுக்குவார். அதே நேரத்தில் அத்தை தன் வீட்டில் மருமகளுக்கோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ வளையல் போடுவார். நேரில் நடந்தாலும் வந்த பெண்களுக்கு வளையல் கொடுத்துத்தானே அனுப்புகிறோம்? கும்பகோணத்தில் அம்மா வீட்டிலும் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் அவருக்கும் வீடு நிறைந்திருக்கும்.

நான்காம் படி: செயலியும் ஒலியும்

இலவசக் கணக்கில் ஜூம் கூட்டம் 40 நிமிடத்தில் தானாகவே முடிந்துவிடும், 100 பேர் வரை சேரலாம். கூகுள் மீட்டில் மூன்று பேருக்கு மேல் போனால் 60 நிமிடம். வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் 32 பேர்தான். ஆரத்தி எடுக்கும்போது கூட்டம் அறுந்துபோவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் ஜூமுக்குப் பணம் கட்டி, அடுத்த மாதம் நிறுத்திவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. காணொளிச் செயலிகள் மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஓசைகளை இரைச்சல் என்று வடிகட்டிவிடுகின்றன. வளையல் குலுங்கும் ஓசை, கைதட்டல், நாகசுரம் எல்லாம் அவற்றுக்கு இரைச்சல்தான். கை அசைவது தெரியும், கலகலப்பு கேட்காது. ஜூமின் ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதி இருக்கிறது. மகள் வீட்டுக் கணினியில் அதை இயக்கி வையுங்கள். கூட்டம் தொடங்கியபின் திரையின் மேல்பகுதியில் அது இயங்குகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஆறாம் மாதவாக்கிலேயே வயிற்றிலுள்ள குழந்தை வெளியோசைக்கு அசையத் தொடங்கிவிடுகிறது. அதற்குக் கேட்பது கும்பகோணத்துப் பாட்டிக்கும் கேட்க வேண்டாமா?

மகள் வீட்டில் இரண்டு கருவிகள் வையுங்கள். மடிக்கணினி மகள் உட்கார்ந்திருக்கும் இடம் முழுவதையும் காட்டட்டும். முக்காலியில் பொருத்திய கைப்பேசி கைகளை மட்டும் அருகில் காட்டட்டும். கைப்பேசியில் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இரண்டும் திறந்திருந்தால் ஊளைச் சத்தம் காதைப் பிளக்கும். வளையல் போடும்போது தொழில்நுட்பப் பொறுப்பாளர் கைப்பேசிக் காட்சியை 'ஸ்பாட்லைட்' செய்தால் எல்லார் திரையிலும் அதுவே பெரிதாகத் தெரியும். 'பின்' செய்தால் அவர் திரையில் மட்டும்தான் மாறும். ஜன்னல் வெளிச்சம் மகளின் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழக்கூடாது.

கூட்டுப் பாட்டை மறந்துவிடுங்கள். ஒலி போய்ச் சேரும் தாமதத்தால் ஒருவருக்கொருவர் அரை வரி பின்தங்குவார்கள். ஒருவர் பாட, மற்றவர் மைக்கை அணைத்துவிட்டு அவரவர் வீட்டில் கும்மி கொட்டட்டும்.

ஐந்தாம் படி: நிரலை ஒரு தாளில் எழுதுங்கள்

முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. மகளை மனைப்பலகையில் சம்மணமிட வைக்காமல், சாய்மானமுள்ள நாற்காலியில் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவையுங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் வந்து சேர்வதற்கு. பிறகு விளக்கேற்றிப் பிள்ளையாரைக் கும்பிட்டு நலங்கு. அடுத்து காப்பும் வளையலும். கடைசியில் ஆரத்தி. வரிசை உங்கள் வீட்டு வழக்கப்படி இருக்கட்டும்.

வளையல் போட ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் பதினைந்து பேருக்கே இருபத்திரண்டு நிமிடம் ஆகிவிடும். ஆகவே ஆள்வாரியாக அழைக்காமல் வீடுவாரியாக அழையுங்கள். யாருக்கு முதல் அழைப்பு, யாருக்கு அடுத்தது என்ற பட்டியலை அம்மாவும் மாமியாரும் முன்கூட்டியே பார்த்து ஒப்புக்கொள்ளட்டும். இந்த ஒரு தொலைபேசி அழைப்பு பல ஆண்டு மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

இரண்டு நாள் முன்னதாகப் பத்து நிமிட ஒத்திகை வையுங்கள். முக்கியமாகப் பாட்டிகளுக்கு. கைப்பேசியைப் படுக்கைவாட்டில் சாய்த்து வைக்கவும், மைக் பொத்தானைத் தொடவும் தெரிந்தால் போதும்.

ஆறாம் படி: சாப்பாடு

கலவை சாதம் இல்லாமல் வளைகாப்பு ஏது? வீட்டுக்கு ஒரு சாதம் என்று பிரித்துக்கொடுங்கள். கும்பகோணத்தில் புளியோதரை, கோயம்புத்தூரில் தேங்காய் சாதம், லண்டனில் எலுமிச்சை, சிங்கப்பூரில் தயிர் சாதம், மகள் வீட்டில் சர்க்கரைப் பொங்கல். ஆரத்தி முடிந்ததும் எல்லாரும் தட்டோடு திரைமுன் வந்து, யார் வீட்டில் புளி தூக்கல், யார் வீட்டில் உப்புக் குறைவு என்று தொடங்கினால் அப்புறம் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. சடங்கின்போது வாய் திறக்காத மாமாக்கள்கூட இங்கே கலகலப்பாகிவிடுவார்கள்.

வளைகாப்பு முடிந்ததும் மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். அயல்நாட்டில் அது தலைகீழாகி, ஒன்பதாம் மாதத்தில் தாய்தான் விமானம் ஏறுகிறார். பயண டிக்கெட் எடுத்திருந்தால் அந்தத் தேதியை இந்தச் சாப்பாட்டு நேரத்தில் அறிவிக்கச் சொல்லுங்கள்.

பதிவு செய்வதை மறக்காதீர்கள். இலவசக் கணக்கானாலும் கணினியிலிருந்து பதிவு செய்து அதிலேயே சேமிக்கலாம், கைப்பேசியிலிருந்து முடியாது. பதிவாகிறது என்பதை எல்லாரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். சாப்பாடு தொடங்கியதும் மகளை எழுந்துபோய்ப் படுக்கச் சொல்லிவிட்டு, மடிக்கணினியைக் கணவரிடம் கொடுங்கள். இணைப்பை உடனே மூட வேண்டாம். பேச வேண்டியவர்கள் பேசி முடிக்கட்டும், சிங்கப்பூர் அத்தைக்குத் தூக்கம் வரும்வரை தம்பி திறந்து வைத்திருக்கட்டும்.