குடித்துவிட்டு பைக் ஓட்டியவர் கணவரே என்றால்: இழப்பீடும் விவாகரத்தும்

கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் பிறந்து பொள்ளாச்சியில் வாழ்க்கைப்படுவது எங்கள் பக்கம் சாதாரணம். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவிலோ கடை திறந்திருக்கிறது. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை அங்கே போய்விட்டு, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோபாலபுரம் நோக்கிக் கிளம்புகிறார். வழியில் பைக் கவிழ்ந்து மனைவியின் கால் உடைகிறது. தாய்வீடு திரும்பிய அவர் விவாகரத்தும் கேட்கப்போகிறார். அவர் என்ன செய்ய வேண்டும்?

முதல் படி: மருத்துவமனையில் உண்மையைச் சொல்வது. "படியில் விழுந்துவிட்டேன்" என்று சொல்லிக் கணவரைக் காப்பாற்றினால், விபத்துப் பதிவேட்டில் அதுதான் ஏறும். பிறகு எந்த வக்கீல் வந்தாலும் அதை அழிப்பது கடினம். விபத்து கேரளத்தில், சிகிச்சை கோவையில் என்றாலும் கவலை வேண்டாம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், அது உரிய நிலையத்துக்கு மாற்றப்படும். ஆனால் இரு மாநிலத்திலும் சொல்வது ஒன்றாக இருக்கட்டும். வாக்குமூலத்தை மலையாளத்தில் எழுதினால், வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

குடித்ததற்கான சோதனை காவல் துறையின் வேலை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம், அது கள்ளானாலும் பிராந்தியானாலும். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சோதனை நடக்காமல் போனாலும் இழப்பீட்டு வழக்கு விழுந்துவிடாது. கவனக்குறைவாக ஓட்டினார் என்று காட்டினால் போதும். புதியவர்கள் பலரும் இங்கேதான் வீணாகச் சோர்ந்துபோகிறார்கள்.

இரண்டாவது, பைக்கின் இன்சூரன்ஸ் பத்திரத்தைத் தேடி எடுங்கள். வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால், பின்னால் இருந்தவருக்குப் பொதுவாக நிறுவனம் பொறுப்பேற்காது. கணவரிடம்தான் கேட்க வேண்டும். விரிவான பாலிசி என்றால் நிறுவனத்திடமும் கேட்கலாம். ஓட்டியவர் குடித்திருந்தார் என்று நிறுவனம் தட்டிக்கழிக்கப் பார்க்கும். சாலையில் போன மூன்றாம் நபர் அடிபட்ட வழக்கில், முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுங்கள் என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீல் அதைப் பிடித்து வாதாடலாம்.

மூன்றாவது, மனு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவின்படி, விபத்து நடந்த இடத்திலோ, நீங்கள் வசிக்கும் இடத்திலோ, எதிர்தரப்பு வசிக்கும் இடத்திலோ உள்ள மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யலாம். தாய்வீட்டில் இருக்கும் பெண்ணுக்குப் பாலக்காடு வசதி. சட்டம் தரும் கெடு ஆறு மாதம். சமாதானப் பேச்சு நடக்கிறதே என்று அதைத் தவறவிடாதீர்கள். கட்டிய கணவன் மீதே வழக்கா என்று உறவினர்கள் கேட்பார்கள். மருத்துவமனை பில்லை அவர்கள் கட்டப்போவதில்லை.

இனி விவாகரத்து. இந்து திருமணச் சட்டத்தில் குடிப்பழக்கம் தனிக் காரணமாக இல்லை. அதைக் கொடுமை என்ற தலைப்பின்கீழ்தான் நிறுவ வேண்டும். அங்கே இதே எஃப்.ஐ.ஆர்., இதே மருத்துவப் பதிவு மீண்டும் பேசும். மனைவி தாம் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். கணவர் முந்திக்கொண்டு பொள்ளாச்சியில் போட்டுவிட்டால், அதைக் கேரளத்துக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். எட்டிப் பார்த்தால் தெரியும் தூரத்துக்கு டெல்லி வரை அலைச்சல்!

இழப்பீடு காயம்பட்டவரின் சொந்தப் பணம், கணவருக்கு அதில் பாதி என்ற சட்டம் இங்கே இல்லை. ஆனால் ஜீவனாம்சம் கேட்கும்போது தரும் சொத்து விவரப் பிரமாணப் பத்திரத்தில் அதை மறைக்கக் கூடாது.

கடைசியாக, பரஸ்பர சம்மதத்தில் பிரிவதானால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். "இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று வழக்கமான ஒரு வரி இருக்கும். கையெழுத்திட்டால், விபத்து வழக்கில் அதையே எதிர்தரப்பு நீட்டும். அந்த வரிக்குக் கீழே, வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, "மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு நீங்கலாக" என்று சேர்க்கச் சொல்லுங்கள்.